நுகத்தடியின் நடுவாணி

கடல் கடந்து வரும் பட அட்டைகளும் இடைநிற்கும் முகவர்களும்

விளையாட்டுப் பொருள் என்று பெரியோர் ஒதுக்கிவிடும் சில பொருள்களில் உலகியல் பாடம் ஒன்று ஒளிந்திருப்பதுண்டு. இக்காலத்துப் பிள்ளைகள் சிலர் ஆசையோடு தேடிச் சேர்க்கும் ஜப்பானியப் பட அட்டைகள் அத்தகையவை. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒருபுறம் கற்பனை விலங்கொன்றின் வண்ணப்படம். படத்தின் கீழே அவ்விலங்கின் ஆற்றலைக் குறிக்கும் எண்கள். 'போக்கிமொன்' என்னும் பெயரோடு 1996ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஜப்பானிய அங்காடிகளில் முதன்முதலாகத் தோன்றிய இவ்வட்டைகள் இன்று உலகெங்கும் கைமாறுகின்றன. விளையாடுவோர் சிலர், சேர்த்து வைப்போர் பலர், விலை ஏறுமென்று காத்திருப்போர் வேறு சிலர்.

பதுளை நகரிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரத்தில் வாழும் ஓர் இளைஞனுக்கு இவ்வட்டைகளில் ஒன்றின்மீது ஆசை பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அட்டை ஒசாக்காவிலுள்ள ஒரு வீட்டு மேசையில் இருக்கிறது. விற்பவர் அதனைக் கடல் கடந்து அனுப்ப விரும்பாதவர். இவனுக்கு அவர் மொழி தெரியாது. அவருக்கு இவன் ஊர் தெரியாது. இருவருக்கும் நடுவே ஒருவர் நின்றாலன்றி இவ்வாணிகம் நிகழாது. அந்த நடுவர் யார்? அவர் கேட்கும் கூலி யாது? அவரை எவ்வாறு நம்புவது? இவ்வினாக்கள் ஊவா மலைகளுக்குப் புதியனவல்ல. ஒன்றரை நூற்றாண்டாக இம்மலைகளின் வாழ்வையே அலைக்கழித்த வினாக்கள் இவை.

அட்டை வந்த வழி

பொருளோடு படம் ஒன்றை இலவசமாகச் சேர்த்து விற்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைத்த வெறும் அட்டையில் படம் அச்சிட்டால் வாங்குவோர் மீண்டும் மீண்டும் வருவர் என்பதை அமெரிக்க, பிரித்தானிய வணிகர் கண்டுகொண்டனர். ஓட்டப் பந்தயக்காரர், போர்க்கப்பல், பறவை, பூ எனத் தொகுதி தொகுதியாகப் படங்கள் வந்தன. தொகுதி நிறைய வேண்டுமானால் மேலும் வாங்க வேண்டும். அல்லது நண்பனோடு மாற்றிக்கொள்ள வேண்டும். பட அட்டை பண்டமாற்றுப் பொருளானது இவ்வாறுதான்.

1909ஆம் ஆண்டுக்கும் 1911ஆம் ஆண்டுக்கும் இடையில் அமெரிக்கப் புகையிலைக் கும்பனி ஒன்று வெளியிட்ட தொகுதியில் ஹோனஸ் வாக்னர் என்னும் பேஸ்போல் ஆட்டக்காரரின் படமும் ஒன்று. அதன் பிரதிகள் மிகச் சிலவே எஞ்சின. அவற்றுள் ஒன்று 2022ஆம் ஆண்டில் 72 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலருக்குக் கைமாறியது. புகையிலைப் பொட்டலத்தோடு இலவசமாக வந்த காகிதத் துண்டு இது என்பதை நினைக்கும்போது, விலை என்பது பொருளில் உறைவதன்று, தேடுவோர் தொகையிலும் கிடைக்கும் அருமையிலும் உறைவது என்பது விளங்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது காகிதத் தட்டுப்பாட்டால் பிரித்தானியாவில் சிகரெட்டு அட்டைகள் நின்றுபோயின. போர் முடிந்தபின் அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. புறூக் பொண்ட் கும்பனி 1954ஆம் ஆண்டில் பிரித்தானியப் பறவைகளின் படத் தொகுதியொன்றைத் தன் தேயிலைப் பொட்டலங்களில் வைத்தது. அதன்பின் பூக்கள், வண்ணத்துப் பூச்சிகள், வன விலங்குகள் எனத் தொகுதிகள் தொடர்ந்தன. 1962ஆம் ஆண்டில் வந்த தொகுதி ஆசியாவின் வனவிலங்குகளைப் பற்றியது. 1999ஆம் ஆண்டுவரை இவ்வழக்கம் நீடித்தது. பிரித்தானியப் பிள்ளைகள் இரண்டு தலைமுறையினர் தேயிலைப் பொட்டலத்தைக் கிழித்து உலகத்தின் இயற்கை வரலாற்றைக் கற்றனர்.

அப்பொட்டலங்களில் கலந்த தேயிலையில் இலங்கை மலைகளின் கொழுந்தும் உண்டு. கொழுந்தைக் கிள்ளிய கைக்கும் அட்டையைப் பிடித்த கைக்கும் நடுவில் எத்தனையோ கைகள்: கணக்கப்பிள்ளை, தொழிற்சாலை, தரகர், ஏலத்தில் வாங்குபவர், கலப்பவர், கடைக்காரர். அந்நீண்ட சங்கிலியின் இரு முனைகளும் ஒன்றையொன்று கண்டதில்லை. இன்று ஸ்பிரிங்வெளி இளைஞனும் ஒசாக்கா விற்பனையாளரும் ஒருவரையொருவர் காணாதிருப்பதும் அதே சங்கிலியின் புதிய கண்ணிதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அன்று பொருளை அனுப்பும் முனையில் நின்றவர்கள் இன்று பொருளை வரவழைக்கும் முனைக்கு வந்திருக்கிறார்கள்.

முகவர் எதற்கு?

ஜப்பானில் தனிமனிதர் தம் பொருள்களை விற்கும் இணையச் சந்தைகள் பெரியவை. யாஹூ ஏலம் 1999ஆம் ஆண்டு முதலும் மெர்காரி 2013ஆம் ஆண்டு முதலும் நடைபெற்று வருகின்றன. அவற்றில் கணக்குத் தொடங்குவதற்கு அந்நாட்டுத் தொலைபேசி இலக்கம் வேண்டும். பொருள் சென்று சேர்வதற்கு அந்நாட்டு முகவரி வேண்டும். பேசுவதற்கு அந்நாட்டு மொழி வேண்டும். இம்மூன்றும் இல்லாத அயல்நாட்டவருக்காக வாங்கிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் அங்கு தோன்றியுள்ளன. அவையே முகவர் நிறுவனங்கள்.

அவை செய்யும் பணியின் ஒழுங்கு இது. வாங்க விரும்புபவர் பொருளைக் குறித்துக் காட்டிப் பணத்தை முன்கூட்டியே செலுத்துகிறார். ஏலமாயின் இன்ன தொகைவரை கேட்கலாம் என்று வரம்பு கூறுகிறார். முகவர் தம் பெயரில் வாங்குகிறார். பொருள் முகவருடைய பண்டகசாலைக்கு வருகிறது. சில நாள்களோ வாரங்களோ கட்டணமின்றி அங்கே தங்கலாம். வெவ்வேறு விற்பனையாளரிடமிருந்து வந்த பொருள்களை ஒரே பொதியாகக் கட்டும்படி கேட்கலாம். பின்னர் பொதி தபாலிலோ தனியார் அஞ்சலிலோ கடல் கடக்கிறது. கொழும்பில் சுங்கத் திணைக்களத்தின் பார்வைக்கு உட்படுகிறது. தீர்வை உண்டெனில் அதுவும் வாங்குபவர் பொறுப்பு. அதன்பின் பதுளைக்கு வருகிறது.

நிறுவனங்களை நாடாது உறவினரை நாடுவோரும் உளர். தொழில் நிமித்தமாகவோ கல்வி நிமித்தமாகவோ வெளிநாட்டில் இருக்கும் மாமனோ தமக்கையோ வாங்கி, ஊருக்கு வருபவர் ஒருவரின் பெட்டியில் வைத்து அனுப்புவதுண்டு. இதில் கூலி இல்லை; ஆனால் காலமும் இல்லை. கேட்பதற்கு நாணம், தவறினால் வாயைத் திறக்க முடியாது. நட்பில் நடக்கும் வாணிகத்தில் கணக்குக் கேட்பது மரியாதையன்று என்று நாம் கருதுகிறோம். அதனாலேயே பல நட்புகள் கெட்டிருக்கின்றன.

மூன்றாவது வகையினர் உள்ளூர்த் தரகர். பலரிடம் பணம் சேர்த்து, மொத்தமாக வரவழைத்துப் பங்கிட்டுக் கொடுப்பவர்கள். இவர்களுள் நேர்மையாளர் பலர் உளர். எனினும், பணம் முன்னே போய்ப் பொருள் பின்னே வரும் வாணிகத்தில் வாங்குபவருக்குக் காவலாக இருப்பது ஒன்றே: எழுத்தில் உள்ள கணக்கு.

கூட்டிப் பார்ப்போம்

ஆசிரியர்கள் வகுப்பறையில் பயன்படுத்தத் தக்க ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை. கணக்கின் போக்கே முக்கியம்.

அட்டையின் விலை 1,000 யென். முகவரின் சேவைக் கட்டணம் 300 யென். விற்பவரிடமிருந்து பண்டகசாலைக்கு உள்நாட்டுத் தபாற்செலவு 200 யென். அங்கிருந்து இலங்கைக்கு 1,500 யென். மொத்தம் 3,000 யென். அஃதாவது, கொடுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கே அட்டைக்கு. இரண்டு பங்கு வழிச்செலவுக்கு.

அதே இளைஞன் நண்பர் ஒன்பதின்மரைச் சேர்த்துக்கொண்டு பத்து அட்டைகளைப் பத்து விற்பனையாளரிடம் வாங்கி ஒரே பொதியாக வரவழைக்கிறான் என்க. அட்டைகளுக்கு 10,000 யென். சேவைக் கட்டணம் 3,000. உள்நாட்டுத் தபால் 2,000. அட்டைகளின் எடை சிறிதாதலின் கடல் கடக்கும் செலவு 2,000 என்று கொள்வோம். மொத்தம் 17,000. ஓர் அட்டைக்கு 1,700 யென்தான். தனியே வாங்கியபோது 3,000. கூடி வாங்கியபோது 1,700. கூட்டுறவுச் சங்கத்தின் முழுத் தத்துவமும் இச்சிறு கணக்கில் அடங்கிவிடுகிறது.

இனி மறைவான பகுதிக்கு வருவோம். முகவர் யென்னை ரூபாவாக மாற்றிக் கணக்கிடும்போது எந்த வீதத்தைக் கொள்கிறார்? ஒரு யென் 2 ரூபா என்பது சந்தை வீதமாயின், முதலில் கூறிய 3,000 யென்னுக்கு 6,000 ரூபா ஆகும். முகவர் 2 ரூபா 20 சதம் என்று கணக்கிட்டால் 6,600 ரூபா. வேறுபாடு 600 ரூபா. வெளிப்படையாகக் காட்டிய சேவைக் கட்டணமான 300 யென்னும் 600 ரூபாதான். ஆக, சொல்லி வாங்கிய கூலிக்குச் சமமான இன்னொரு கூலி சொல்லாமலே வாங்கப்படுகிறது. கட்டணம் குறைவு என்று விளம்பரம் செய்பவரிடம் நாம் முதலில் கேட்கவேண்டிய வினா, நாணயமாற்று வீதம் யாது என்பதே.

இவ்வினாவின் கனத்தை 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் உணர்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டுக் கடனை அடைப்பதை அரசு நிறுத்திவைப்பதாக ஏப்ரல் 12ஆம் நாள் அறிவித்தது. அத்தகைய காலத்தில் முன்பணம் கொடுத்துவிட்டுப் பொருளுக்குக் காத்திருப்பவன், விலை எந்த நாளின் வீதத்தில் முடிவாகும் என்பதை முன்னரே எழுத்தில் பெற்றிருக்க வேண்டும்.

வேறு இடர்களும் உள. போலி அட்டைகள் மலிந்துள்ளன. முகவர் பெரும்பாலும் பொதி வந்து சேர்ந்ததை மட்டுமே உறுதி செய்வார். அட்டை மெய்யானதா என்று ஆராய்வது அவர் ஏற்ற பணியன்று. மெய்ம்மையையும் அட்டையின் நிலையையும் ஆராய்ந்து தரம் குறிக்கும் நிறுவனங்கள் தனியே உள்ளன. அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய பி.எஸ்.ஏ. அவற்றுள் பெயர் பெற்றது. ஒன்று முதல் பத்துவரை தர எண் இட்டு, ஒளி ஊடுருவும் உறையில் அட்டையை மூடி முத்திரையிடுகிறது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே ஒரு முகவர். அம்முகவரின் பொருளுக்குச் சான்று கூற இன்னொரு நடுவர். தொலைவு கூடக் கூட நடுவரின் தொகையும் கூடுகிறது.

ஊவா கற்ற பாடம்

நடுவர் என்றதும் மலையகத்தார் நினைவில் எழும் முதற்பெயர் கங்காணி. தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் சேர்த்தவர் அவர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். தோட்டத்தில் மேற்பார்த்தவரும் அவரே. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதம் எனத் தலைக்காசு அவருக்குச் சேர்ந்தது. தொழிலாளி தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாளி. அரிசி, கம்பளி, திருவிழா, சாவு என ஒவ்வொன்றும் அக்கடனில் ஏறியது. கடன் எவ்வளவு என்பது கங்காணிக்குத் தெரியும், துரையின் புத்தகத்துக்குத் தெரியும், கடன்பட்டவனுக்குத் தெரியாது.

இக்கடனைக் கைமாற்றுவதற்கென்றே ஒரு காகிதம் இருந்தது. அதன் பெயர் துண்டு. 'இக்கூட்டத்தின் கடன் இவ்வளவு; அதைச் செலுத்தினால் ஆள்களை விடுவிப்பேன்' என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அத்துண்டை வேறொரு தோட்டத்துக்குக் கொண்டு செல்வார். புதிய துரை கடனைத் தீர்த்து ஆள்களைப் பெற்றுக்கொள்வார். கடன் தீர்ந்ததா? இல்லை, புதிய புத்தகத்துக்கு மாறியது. பல வேளைகளில் மாறும்போதே வளர்ந்தது. கைக்குக் கை மாறிய அக்காகிதத்தின் பின்னால் இருந்தது கற்பனை விலங்கின் படமன்று. மனிதக் குடும்பங்களின் வாழ்வு. 1921ஆம் ஆண்டில் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

தகரத் துண்டும் ஒன்றுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்தில் சேர்க்கப்பட்ட தொழிலாளிக்குத் தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் பொறித்த சிறு தகடு வழங்கும் முறை வந்தது. அதைக் காட்டினால் முகாமையும் கடலையும் இரயில் வண்டியையும் கடந்து தோட்டம் வந்து சேரலாம். வழிச்செலவு முழுவதும் அவ்வெண்ணின் கீழ் எழுதப்பட்டுத் தோட்டத்தின் கணக்குக்குச் சென்றது. இன்று ஜப்பானிலிருந்து புறப்படும் பொதிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு பொதி எங்கே இருக்கிறது என்று அனுப்பியவரும் பெறுபவரும் அறியலாம். தகரத் துண்டின் எண்ணோ, சுமந்தவனுக்குப் பயன்பட்டதைவிடச் சுமத்தியவர்களுக்கே மிகுதியும் பயன்பட்டது. எண் ஒன்றுதான், அதைப் படிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

கங்காணி எல்லாரும் கொடியவர் என்று கூறுவது வரலாற்றுக்கு நீதியாகாது. தம் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தவர் பலர். முன்பின் அறியாத கடலையும் காட்டையும் கடக்க, தெரிந்த முகம் ஒன்று முன்னே நடந்ததாலேயே மக்கள் துணிந்தனர். நோயிலும் சாவிலும் துணை நின்றவர்களும் அவர்களுள் இருந்தனர். தீமை நடுவில் நின்றதால் விளைந்ததன்று. கணக்கு ஒரு முனைக்கு மட்டும் தெரிந்ததால் விளைந்தது.

நடுவரையே ஒழித்துவிட்டேன் என்று முழங்கியவரும் இம்மாகாணத்து வரலாற்றில் இடம்பெற்றவரே. தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, ஹப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கலசத்துக்கு என்பது அவருடைய விளம்பரத்தின் பொருள். இடைத்தரகர் இல்லை, ஆதலால் விலை மலிவு என்று பிரித்தானிய மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் அவர் கடைகளில் விற்ற தேயிலை முழுவதையும் அவருடைய தோட்டங்களே விளைத்துவிடவில்லை. தேவையின் பெரும்பகுதியை அவரும் சந்தையிலேயே வாங்கினார். நடுவர் ஒழியவில்லை, விளம்பரத்தில் மறைந்தார். இன்றும் 'இடைத்தரகர் இல்லை' என்று ஒருவர் கூறினால், அவர் எங்கே மறைந்திருக்கிறார் என்று தேடுவதே அறிவுடைமை.

இதற்கு மாறாகத் தேயிலை ஏலத்தைக் காண்போம். கொழும்பில் முதலாவது பொது ஏலம் 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் சமவில் கும்பனியின் அலுவலகத்தில் நடைபெற்றது. இலண்டனில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்த தேயிலை ஏலம் 1998ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓய்ந்தபின்னும் கொழும்பு ஏலம் ஓயவில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கொள்ளை நோயின் நெருக்கடியால் அது கணினி வழிக்கு மாறியது. ஊவாவில் ஆண்டின் நடுப்பகுதியில் வறண்ட காற்று வீசும் ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் விளையும் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. அம்மணத்துக்கு விலை கூறுபவர் ஏலத் தரகர். அவர் மாதிரியைச் சுவைக்கிறார், பட்டியலிடுகிறார், மதிப்பு எழுதுகிறார், பலர் முன்னிலையில் விற்கிறார். தோட்டத்தவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் காணாமலே விலை முடிவாகிறது. அவ்விலை இரு சாராருக்கும் தெரிகிறது. தரகரின் கூலியும் தெரிகிறது. அதனாலேயே இம்முறை நூற்றாண்டைக் கடந்து நிலைத்தது. ஆயினும் அந்த வெளிச்சம் ஏல மண்டபத்தோடு நின்றுவிட்டது. கொழுந்து கிள்ளியவளின் கூடைவரை இறங்கி வரவில்லை என்பதையும் சொல்லியே ஆகவேண்டும்.

புலவர் கண்ட ஆணி

பட்டினப்பாலையைப் பயின்றோர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை மறந்திரார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அத்துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களை அடுக்கிக் கூறுகிறார். கடலில் வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, வடமலையின் பொன்னும் மணியும் ஆகியவற்றோடு ஈழத்திலிருந்து வந்த உணவும் அப்பட்டியலில் உண்டு. அப்பொருள்களை நடுவில் நின்று வாங்கி விற்ற வணிகரின் நெஞ்சுக்குப் புலவர் காட்டும் உவமை வியக்கத்தக்கது. நீண்ட நுகத்தடியின் நடுவில் அறைந்த ஆணி என்கிறார் அவர்.

இரண்டு காளைகள் பூட்டிய நுகத்தில் அவ்வாணி ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு காளையின் கழுத்தில் பளு ஏறும். வண்டி நேர்வழி செல்லாது. ஆணி இழுப்பதில்லை, சுமப்பதுமில்லை. நடுவில் நிற்பதே அதன் தொழில். அவ்வணிகர் பழிக்கு அஞ்சினர், மெய் கூறினர், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப மதித்தனர், மிகுதியாகக் கொள்ளவுமில்லை, குறைவாகக் கொடுக்கவுமில்லை, விலையை வெளிப்படையாகக் கூறினர் என்று புலவர் அவர்தம் இயல்பை விரிக்கிறார். திருவள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்குமிடத்தில் பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்ற கருத்தையே வைக்கிறார்.

நடுவர் கூலி கொள்ளலாகாது என்று இப்புலவர்கள் கூறவில்லை. உழைத்தவனுக்குக் கூலி உரியது. கூலி எவ்வளவு என்பது இரு முனைக்கும் தெரியவேண்டும் என்பதே அவர்கள் காட்டும் அறம். இவ்வளவுகோலைக் கொண்டு கங்காணியையும் அளக்கலாம். ஏலத் தரகரையும் அளக்கலாம். ஜப்பானிய அட்டை வாங்கித் தரும் முகவரையும் அளக்கலாம். பொருளின் விலை, தம் கட்டணம், தபாற்செலவு, நாணயமாற்று வீதம் ஆகிய நான்கையும் தனித்தனி வரிகளில் எழுதிப் பற்றுச்சீட்டுத் தருபவர் நடுவாணியாக நிற்பவர். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று மட்டும் கூறுபவரிடம் மறுமுறை கேட்க வேண்டும். கேட்டபின்னும் கூறாதவரிடம் பணம் கொடுக்கலாகாது.

பள்ளிக்கூடம் செய்யக்கூடியது

இவ்வாணிகத்தைப் பிள்ளைகளின் வீண்செலவு என்று கடிந்துரைப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. தாய் நாளெல்லாம் கொழுந்தெடுத்துப் பெறும் கூலியை எண்ணாமல் அட்டைக்குச் செலவிடுவது தவறு என்பதைச் சொல்லவே வேண்டும். 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது! மேலே கூறிய எடுத்துக்காட்டில் ஒற்றை அட்டைக்கான 6,000 ரூபா, அச்சம்பளத்தில் ஆறு நாள் உழைப்பு. அதில் நான்கு நாள் உழைப்பு அட்டைக்கல்ல, அட்டை வரும் வழிக்கு. இதைப் பிள்ளையே கூட்டிக் கண்டறியட்டும். கடிந்துரை செய்யாததைக் கணக்குச் செய்யும்.

அதே வழியை உயர்ந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம். கொழும்பில் 1890ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பிளேட் நிறுவனம் முதலியோர் வெளியிட்ட பழைய தபால் அட்டைகளில் கூடை சுமந்த நம் பாட்டிமாரின் உருவங்கள் உள்ளன. பெரும்பாலும் பெயர் குறிக்கப்படாத உருவங்கள் அவை. அன்றைய பயணிகள் அவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். இன்று அவை அங்குள்ள பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் விற்பனையாகின்றன. காப்பிக் காலத்துத் தோட்ட நாணயங்களும் அவ்வாறே விலைபோகின்றன. பதுளையிலோ பண்டாரவளையிலோ உள்ள ஒரு பள்ளிக்கூடம் தன் நூலகத்துக்கென அவற்றுள் சிலவற்றை மீட்க விரும்பினால், அதுவும் கடல் கடந்த முகவர் ஒருவரைத்தான் நாடவேண்டும். போக்கிமொன் அட்டை வாங்கக் கற்ற மாணவனின் அறிவு அப்போது ஆசிரியருக்கே துணையாகும்.

இறுதியாக ஒன்று. ஜப்பானிலிருந்து புறப்பட்ட பொதி பல்லாயிரம் கல் தொலைவைப் பிழையின்றிக் கடந்து பதுளைக்கு வந்துவிடுகிறது. எஞ்சிய சில கல் தொலைவில்தான் பல வேளை இடர்ப்பாடு. மலையகத்தில் பல தோட்டங்களில் லயத்துக் குடும்பங்களுக்கென்று தனித்தனி முகவரி இல்லை. கடிதமும் பொதியும் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து ஒருவர் கையில் ஏறி, விசாரித்து விசாரித்துத்தான் வீடு சேரவேண்டும். நேர்முகத் தேர்வுக் கடிதமும் பரீட்சை அனுமதி அட்டையும் அவ்வழியாகவே வருகின்றன. காலம் தவறியும் வருகின்றன. ஒரு வண்ண அட்டை தாமதித்தால் மனம் வாடும். ஒரு நியமனக் கடிதம் தாமதித்தால் வாழ்வு வாடும்.

ஒசாக்காவிலுள்ள முகவரை இளைஞன் தானே தேர்ந்துகொள்ளலாம், கணக்குக் கேட்கலாம், பிடிக்காவிடின் வேறொருவரிடம் செல்லலாம். தன் வாசலுக்கும் தபாலகத்துக்கும் இடையில் நிற்கும் நடுவரை மாற்ற அவனால் இயலாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கமும் ஒரு முகவரியும் கிடைக்கும்போதே அது இயலும். கணக்குப் படிக்கத் தெரிந்த தலைமுறை ஒன்று மலையகத்தில் உருவாகிவிட்டது. தன் பெயருக்கு வரும் பொதியைத் தன் வாசலில் நின்று, தன் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளும் உரிமையையும் அது கேட்கத்தான் போகிறது. அக்கேள்வி எழும்போது ஆசிரியர்கள் அதன் பக்கத்தில் நிற்பார்களாக.